வதந்தி வருமுன் இளைஞர் வர வேண்டும்

(பத்துபஸ்தியில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இஸ்லாமிய, கிறிஸ்தவ அண்டை வீட்டாரிடையே நல்லுறவை வளர்ப்பதில் இளைஞர்களின் கடமை என்ன என்பது நான் இன்று பேச வேண்டிய பொருள். இத்தகைய கூட்டங்களில் வழக்கமாக என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். "எல்லா மதங்களும் அன்பையே போதிக்கின்றன" என்று ஒருவர் பேசுவார். நாம் கைதட்டுவோம். மௌலவிக்கும் பாதிரியாருக்கும் சால்வை போர்த்துவோம். தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். அதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் அது போதுமா என்று கேட்கிறேன். ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு, "நம் ஆளை அவர்கள் அடித்துவிட்டார்கள்" என்று உங்கள் செல்போனில் ஒரு செய்தி வந்து விழுந்தால், உங்களில் யார் எழுந்து எங்கே போவீர்கள்? யாரிடம் கேட்பீர்கள்? இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கிற குடியிருப்பில் கலவரம் எளிதில் நுழையாது. விடை இல்லாத குடியிருப்பைச் சால்வை காப்பாற்றாது.

முதலில் நாம் யார் என்பதைப் பார்ப்போம். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் 3,80,581 பேர். நூற்றுக்கு 69 பேர் இந்துக்கள், 21 பேர் கிறிஸ்தவர்கள், 8 பேருக்குச் சற்று மேல் முஸ்லிம்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நூற்றுக்கு 15 பேர். இந்தியா முழுவதையும் எடுத்துக்கொண்டால் முஸ்லிம்கள் நூற்றுக்கு 14, கிறிஸ்தவர்கள் 2. தமிழ்நாட்டில் இருவரும் ஏறக்குறைய சமம். நூற்றுக்கு ஆறாறு பேர். ஆக, ஒரே மனிதன் கப்பலேறி இங்கு வந்து இறங்கினால் அங்கே சிறுபான்மையாக இருந்தவன் இங்கே சற்றுப் பெரிய சிறுபான்மை. சற்றுப் பெரியவனாக இருந்தவன் இங்கே சிறியவன். எண்ணிக்கை என்பது இடத்துக்கு இடம் மாறுகிற சங்கதி. அதை வைத்துக்கொண்டு மார்தட்டுவதற்கு என்ன இருக்கிறது?

இந்தத் தீவுகளின் சரித்திரமும் இதையேதான் சொல்கிறது. 1858 மார்ச் மாதத்தில் டாக்டர் வாக்கர் 200 கைதிகளைக் கொண்டுவந்து இறக்கினார். சாதி, மதம் என்று தனித்தனியாக வாழ அவர்களுக்கு வழியில்லை. விடுதலை பெற்றுக் குடியேறிய கைதிகள் சாதி கடந்தும் மதம் கடந்தும் மணந்துகொண்டார்கள். அவர்களுடைய வழிவந்தோரையே இங்கு ‘லோக்கல் பார்ன்’ என்கிறோம். 1921இல் மலபார்க் கிளர்ச்சி நடந்தது. அதில் தண்டிக்கப்பட்ட மாப்பிள்ளை முஸ்லிம்கள் இங்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் தென் அந்தமானில் தங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள்: காலிகட், திரூர், வண்டூர், மஞ்சேரி. 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து ராஞ்சித் தொழிலாளர்கள் காட்டு வேலைக்கு வந்தார்கள். அவர்களில் கிறிஸ்தவர்கள் ஏராளம். 1925இல் பர்மாவிலிருந்து கரேன் கிறிஸ்தவர்கள் வந்து மாயாபந்தர் அருகே வெபியில் குடியேறினார்கள். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, இலங்கையிலிருந்து திரும்பிய நம் மக்களில் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தார்கள். இராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் நாம்.

எல்லோரும் கடல் கடந்து வந்தவர்கள். ஆதிக்குடிகளைத் தவிர, ‘இது என் மண், நீ வெளியே போ’ என்று சொல்லும் உரிமை இங்கு யாருக்கும் கிடையாது. வாடகைக்கு வீடு கிடைத்த இடத்தில் குடியேறினோம். மதம் பார்த்துத் தெரு தேடுகிற வசதி நமக்கு இருந்ததில்லை. கொத்தனார் முஸ்லிமாக இருப்பார். சித்தாள் கிறிஸ்தவப் பெண்ணாக இருப்பாள். மேஸ்திரி இந்துவாக இருப்பார். சுவர் எழும்புவதற்கு மூவரும் வேண்டும்.

சந்தேகம் எவ்வளவு கொடியது என்பதற்கும் இந்த மண்ணே சாட்சி. ஜப்பானியர் ஆட்சியில், 1944 ஜனவரி 30 அன்று, ஹம்ப்ரிகஞ்சில் 44 பேரை நிறுத்திச் சுட்டார்கள். சொன்ன காரணம், உளவு பார்த்தார்கள் என்பது. துப்பாக்கி அவர்களுடைய மதத்தைக் கேட்கவில்லை. ஒருவன் காட்டிக்கொடுத்த பொய், இன்னொருவன் வீட்டு விளக்கை அணைத்தது. நிரூபிக்காத பழி மனிதரைக் கொல்லும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பாடம் இது.

தோழர்களே, இப்போது இன்னொரு தீவுக்குப் போவோம். நம் கிரேட் நிக்கோபாருக்குத் தெற்கே இந்தோனேசியா தொடங்குகிறது. அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் மலுக்கு தீவுகள். அதன் தலைநகரம் அம்போன். அங்கே முஸ்லிம் கிராமமும் கிறிஸ்தவக் கிராமமும் மாறி மாறி இருக்கும். ‘பேலா’ என்று ஒரு பழைய வழக்கம் அவர்களுக்கு உண்டு. இரண்டு கிராமங்கள் சத்தியம் செய்து உடன்பிறப்புகள் ஆகிவிடும். கிறிஸ்தவக் கிராமத்தில் கோயில் கட்டினால் முஸ்லிம் கிராமம் ஆள் அனுப்பும். பள்ளிவாசல் கட்டினால் அவர்கள் வருவார்கள். இப்படிப்பட்ட ஊரில் சண்டை வருமா என்று கேட்பீர்கள். வந்தது.

1999 ஜனவரி 19, ரம்ஜான் பெருநாள். பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு வேன் ஓட்டுநருக்கும் ஓர் இளைஞனுக்கும் தகராறு. ஓட்டுநர் கிறிஸ்தவர், இளைஞன் முஸ்லிம். நம் ஊரில் தினம் நான்கு தடவை நடக்கிற தகராறுதான். ஆனால் அன்று மாலைக்குள் அது இரு மதங்களின் சண்டையாக மாறிற்று. மூன்றாண்டுகள் எரிந்தது. மலுக்கு பகுதியில் ஏறக்குறைய ஐயாயிரம் பேர் மாண்டார்கள். இலட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். பள்ளிக்குப் போக வேண்டிய சிறுவர்கள் ஆயுதம் தூக்கினார்கள். 2002 பிப்ரவரியில் மலினோ என்ற ஊரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

பழைய சத்தியம் ஏன் காப்பாற்றவில்லை? சத்தியம் செய்தவர்கள் பூர்வகுடிகள். சுலவேசியிலிருந்து பிழைக்க வந்த முஸ்லிம் குடும்பங்கள் அந்த உறவுக்கு வெளியே நின்றன. வேலை யாருக்கு, கடை யாருக்கு, அரசு உத்தியோகம் யாருக்கு என்ற பொருமல் பல்லாண்டுகளாக உள்ளே புகைந்துகொண்டிருந்தது. வயிற்றுப் பிரச்சினைக்கு மதத்தின் சட்டையைப் போட்டுவிட்டார்கள். பிழைக்க வந்தவர்களாகிய நாம் இந்தச் செய்தியை இரண்டு முறை படிக்க வேண்டும். சண்டை மூண்டால் முதலில் வீடிழப்பவன் வந்து குடியேறியவன்தான். ஊரில் சொந்தக்காரனுக்குப் போக இன்னொரு கிராமம் இருக்கும். நமக்கு எது இருக்கிறது? சென்னைக்கு மூன்று நாள் கப்பல்தான் இருக்கிறது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. துலேஹு என்பது அம்போன் தீவில் ஒரு முஸ்லிம் ஊர். அங்கே சனி தவைநெல்லா என்ற இளைஞர், வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பிழைத்தவர், சிறுவர்களைச் சண்டைக்கு விடாமல் கால்பந்து மைதானத்துக்கு இழுத்து வந்தார். பிறகு கிறிஸ்தவ ஊரான பாஸோவின் பையன்களும் அதே அணியில் சேர்ந்தார்கள். சண்டையில் தகப்பனை இழந்தவனும் எதிர்த் தரப்பின் பிள்ளையும் ஒரே சட்டை அணிந்து ஆடுவது சுலபமா? ஆரம்பத்தில் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுக்கவே மனம் வராது. இருந்தும் 2006இல் அந்த மலுக்கு அணி 15 வயதுக்கு உட்பட்டோருக்கான தேசியப் போட்டியில் கோப்பையை வென்றது. அந்தக் கதை 2014இல் திரைப்படமாகவும் வந்தது.

இதைவிட நமக்கு முக்கியமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2011 செப்டம்பர் 11. அம்போனில் ஒரு முஸ்லிம் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் இறந்துபோனார். விபத்து என்றது போலீஸ். கிறிஸ்தவர்கள் கொன்றுவிட்டார்கள் என்றது செல்போன் செய்தி. கல்வீச்சு தொடங்கிற்று, வீடுகள் எரிந்தன, சில உயிர்களும் போயின. 1999 திரும்பி வந்துவிட்டது என்று எல்லோரும் நடுங்கினார்கள். ஆனால் வரவில்லை. ஏன்? ஜாக்கி மனுபுட்டி என்ற பாதிரியாரும் அபிதீன் வகானோ என்ற இஸ்லாமிய அறிஞரும் இரு தரப்பு இளைஞர்களையும் சேர்த்து ஒரு வலை பின்னியிருந்தார்கள். ‘அங்கே கோயில் எரிகிறது’ என்று செய்தி வந்தால், அந்தப் பக்கத்தில் இருக்கிற இளைஞன் நேரில் போய்ப் பார்ப்பான். எரியவில்லை என்றால் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவான். ‘பள்ளிவாசலைத் தாக்குகிறார்கள்’ என்றால் அங்குள்ளவன் போய்ப் பார்த்துச் சொல்வான். கலகத்துக்குத் தூண்டுகிறவர்கள் இருக்கும்போது சமாதானத்துக்குத் தூண்டுகிறவர்களும் வேண்டும் என்று சொல்லி, ‘சமாதானத் தூண்டுகாரர்கள்’ என்றே தங்களை அழைத்துக்கொண்டார்கள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். கலவரம் என்ற யானைக்கு வதந்திதான் மணியோசை. அந்த இளைஞர்கள் மணியைப் பிடித்து நிறுத்தினார்கள்.

நம் அண்டை நாட்டுக்கு வாருங்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் ஆலயம், சில பெரிய ஓட்டல்கள். குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மட்டக்களப்பில் இறந்தவர்களில் பலர் குழந்தைகள். குண்டு வைத்தது ஒரு சிறு தீவிரவாதக் கூட்டம். அதன் தலைவனைப் பற்றி அவனுடைய சொந்த ஊரான காத்தான்குடி முஸ்லிம்களே முன்பு அதிகாரிகளிடம் புகார் செய்திருந்தார்கள். குண்டு வைத்தவர்களின் உடல்களை அடக்கம் செய்ய ஏற்கமாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. பழி வாங்காதீர்கள் என்று கத்தோலிக்கக் கர்தினால் மல்கம் ரஞ்சித் தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். இரு தரப்புத் தலைவர்களும் பொறுப்போடு நடந்தார்கள்.

ஆயினும் மூன்று வாரம் கழித்து, மே 12 அன்று, கத்தோலிக்கர் நிறைந்த சிலாபத்தில் என்ன நடந்தது? ஒரு முஸ்லிம் கடைக்காரர் முகநூலில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். ‘அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய்’ என்பது அதன் பொருள். யாரோ ஒருவருக்குச் சொன்ன பதில். ஊரோ அதை அடுத்த குண்டுக்கான மிரட்டல் என்று படித்தது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மறுநாள் வன்முறை பல ஊர்களுக்குப் பரவிற்று; கலகக்காரர்கள் ஒரு முஸ்லிமைக் கொன்றார்கள். அரை வரி ஆங்கிலம், ஓர் உயிர்! எழுதியவனை நேரில் கண்டு "தம்பி, இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்க ஒரு கிறிஸ்தவ இளைஞன் போயிருந்தால்? அறிக்கை விடத் தலைவர்கள் இருந்தார்கள். தெருவில் கதவைத் தட்டிக் கேட்கத்தான் ஆள் இல்லை. அந்த ஆள்தான் நீங்கள்.

நமக்கு இது புதிய பழக்கமும் அல்ல. நாகப்பட்டினத்துக்கு வடக்கே நாகூர், தெற்கே வேளாங்கண்ணி. நாகூர் தர்காவின் பெரிய மினாராவைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். செப்டம்பர் 8 திருவிழாவுக்கு வேளாங்கண்ணி போகிற கூட்டத்தில் எல்லா மதத்தாரும் உண்டு. கடலோரத் தமிழன் ஆபத்தில் இருவரையும் கூப்பிட்டே பழகியவன். அந்தப் பழக்கத்தை நாம் கப்பலில் ஏறும்போது ஊரில் விட்டுவிட்டு வரவில்லையே?

இனி, பத்துபஸ்தி இளைஞர்கள் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

ஒன்று. ஒவ்வொரு தெருவுக்கும் இருவர் பொறுப்பேற்க வேண்டும். ஒரு முஸ்லிம், ஒரு கிறிஸ்தவர். இருவரிடமும் ஒருவர் எண் மற்றவரிடம் இருக்க வேண்டும். அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இவர்களைத் தெரிந்திருக்க வேண்டும். ‘அவர்கள்’ என்று தொடங்கும் எந்தச் செய்தி வந்தாலும் முதலில் அந்த எண்ணுக்குப் பேச வேண்டும். பேசிய பின், நேரில் பார்த்த பின், அனுப்பத் தகுந்தது மிச்சமிருந்தால் அனுப்பலாம். பெரும்பாலும் மிச்சமிருக்காது. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். மதப் பகைமையைத் தூண்டுவது பாரதீய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவில் குற்றம். மூன்றாண்டு வரை சிறை. ‘எனக்கு வந்ததைத்தானே அனுப்பினேன்’ என்ற பேச்சு போலீஸ் ஸ்டேஷனில் செல்லாது. வேலைக்கு வந்த பிள்ளை வழக்கில் மாட்டினால் ஊரிலிருந்து அம்மா வந்து நிற்க முடியுமா?

இரண்டு. தகராறை அதன் சொந்தப் பெயரால் அழையுங்கள். குடித்துவிட்டு இருவர் அடித்துக்கொண்டால் அது குடிகாரர் சண்டை. வாடகைப் பாக்கி என்றால் வாடகைத் தகராறு. வண்டி உரசினால் வண்டித் தகராறு. ‘பாய் அடித்தான்’, ‘கிறிஸ்டியன் அடித்தான்’ என்று எவன் சொன்னாலும், "அடித்தவன் பெயர் என்ன?" என்று கேளுங்கள். பெயர் வந்தால் அது இரண்டு மனிதர் விஷயமாகச் சுருங்கிவிடும். அம்போன் பஸ் நிலையத்தில் அன்று அதைக் கேட்க ஆள் இல்லை.

மூன்று. ஒலிபெருக்கி, ஊர்வலம் முதலியவற்றைப் பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே உட்கார்ந்து பேசி முடியுங்கள். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. விதி எல்லோருக்கும் ஒன்றே. நாமே ஒருவருக்கொருவர் நேரம் விட்டுக்கொடுத்தால் அதிகாரி வந்து தீர்க்க வேண்டியதில்லை.

நான்கு. சாப்பாட்டு விஷயத்தில் கேட்டுச் செய்யுங்கள். கிறிஸ்துமஸ் அன்று முஸ்லிம் வீட்டுக்குக் கேக் அனுப்பினால் அதில் ஒயின் சேர்க்காமல் செய்து அனுப்புங்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமை கத்தோலிக்க வீட்டுக்குப் பிரியாணி அனுப்பாமல் ஞாயிறு அனுப்புங்கள். சிறிய விஷயம் என்று நினைக்காதீர்கள். "உன் நோன்பு எனக்குத் தெரியும்" என்று சொல்வதை விடப் பெரிய மரியாதை எது?

ஐந்து. ஒன்றாக உழையுங்கள். கோடையில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்பது இரு மதத்துப் பெண்களுக்கும் ஒன்றுபோலத் தெரியும். குடத்தோடு நிற்கிற வரிசைக்கு மதம் கிடையாது. தண்ணீருக்கும் பட்டாவுக்கும் ரேஷனுக்கும் சேர்ந்து மனு எழுதுங்கள். ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரியில் இரத்தம் தேவைப்படும் நாளுக்கு, இரத்த வகையோடு ஒரு பட்டியல் வைத்திருங்கள். மாலையில் ஒரே பந்தை உதையுங்கள். பிள்ளைகளுக்குச் சேர்ந்து பாடம் சொல்லிக் கொடுங்கள். இந்தக் குழுக்களில் தங்கைமார்களும் இடம்பெற வேண்டும். அடுத்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது முதலில் பெண்களுக்குத்தான் தெரியும்.

கடினமான கேள்வி ஒன்றையும் தவிர்க்காமல் பேசுகிறேன். முஸ்லிம் பையனும் கிறிஸ்தவப் பெண்ணும், அல்லது அதற்கு நேர்மாறாக, விரும்பினால்? பல ஊர்களில் கலகம் இங்கேதான் தொடங்குகிறது. பெற்றோரின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருந்தால் அவர்கள் மதம் மாறாமலே மணந்துகொள்ள 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. முப்பது நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது இரண்டு குடும்பங்களின் காரியம். அழலாம், பேசாமலிருக்கலாம், பின்னால் பேரக்குழந்தையைப் பார்த்து மனம் இளகலாம். ஆனால் தெரு அதில் தலையிடக் கூடாது. இளைஞர்கள் கூட்டம் சேர்த்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டக் கூடாது.

‘சகிப்பு’ என்ற சொல்லில் எனக்கு ஒரு குறை உண்டு. பல் வலியைச் சகிக்கிறோம், கொசுவைச் சகிக்கிறோம். அடுத்த வீட்டு மனிதனை அந்த வரிசையில் வைக்கலாமா? அவன் தன் வழியில் தொழுவதும் ஜெபிப்பதும் நான் போடுகிற பிச்சை அல்ல. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு தந்த உரிமை. யாரும் தம் நம்பிக்கையில் ஓர் அங்குலம் குறைக்க வேண்டியதில்லை. முஸ்லிம் நல்ல முஸ்லிமாக இருக்கட்டும், கிறிஸ்தவர் நல்ல கிறிஸ்தவராக இருக்கட்டும். எண்ணிக்கையில் மிகுந்த இந்து இளைஞர்களுக்கும் ஒரு சொல்: இருவர் சண்டையை வேடிக்கை பார்க்கிறவனும், பின்னாலிருந்து சிரிக்கிறவனும் தீயில் எண்ணெய் ஊற்றுகிறவர்களே. நடுவில் வந்து நில்லுங்கள்.

கடைசியாக ஒன்று. நாம் பிரிந்தால் யாருக்கு இலாபம்? கொத்தனாரும் சித்தாளும் பேசிக்கொள்ளாத இடத்தில் கூலியைக் குறைப்பது காண்டிராக்டருக்கு எளிது. இரு தெருக்கள் முறைத்துக்கொள்ளும் ஊரில் ஓட்டை மொத்தமாக விலைபேசுவது தரகனுக்கு எளிது. தண்ணீர்க் குழாய் வராததைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே இது பக்தர்களின் காரியம் மட்டுமல்ல, தொழிலாளரின் காரியம். நம் கூலியின், குடியிருப்பின், பிள்ளைகளின் படிப்பின் காரியம்.

இந்தக் கூட்டம் கலைவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. உங்கள் செல்போனைத் திறந்து பாருங்கள். அடுத்த மதத்து அண்டை வீட்டார் ஒருவருடைய எண்ணாவது அதில் இருக்கிறதா? இல்லாவிட்டால் இன்றே, இங்கேயே, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். வாங்கிய பின் வீட்டுக்குப் போகலாம்.